அங்கே போனால் ஆங்கிலம் தானாக வருமா? வாசகர் கேள்வி–பதில்

வெளிநாடு போகிறவர்களின் ஆங்கிலம் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களும், விசாப் பத்திர வேலை தெரிந்தவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். பரீட்சை விதியும் விசா விதியும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டுகிற அன்று அந்தந்த நாட்டு அரசாங்க இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டே கட்டுங்கள்.

மகளுக்கு இலண்டன் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. விசாவுக்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டுமாம். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலத்தில் அவளுக்கு டபிள்யூதான் (சித்தியில்லை). எப்படிச் சித்தியடைவாள்?
— ஒரு தாய், தலவாக்கலை

எழுதவே வேண்டியதில்லை, அம்மா. பிரித்தானியாவுக்குத் துணைவர் விசாவில் போகிறவரிடம் முதல் தடவை கேட்பது ஏ1 மட்டத்தில் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஐரோப்பிய மொழித் தரத்தின் முதல் படி) பேசவும் கேட்டு விளங்கவும் தெரிகிறதா என்பதை மட்டுமே. வாசிப்பும் எழுத்தும் அதில் இல்லை. இதற்கென்றே ‘ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1’ என்று ஒரு பரீட்சை இருக்கிறது. பரீட்சகர் முன்னால் இரண்டு பரீட்சார்த்திகள் சேர்ந்து உட்காருவார்கள். 16 முதல் 18 நிமிடத்தில் முடிந்துவிடும். புள்ளி கிடையாது. சித்தி அல்லது சித்தியில்லை, அவ்வளவுதான்.

இங்கே நம்மவர் பணத்தை இழப்பது பரீட்சையில் அல்ல, பதிவில். பெயரில் ஐஈஎல்டிஎஸ் இருக்கிறதே என்று சாதாரண ‘ஜெனரல் ட்ரெய்னிங்’ பரீட்சைக்குக் கட்டிவிடுகிறார்கள். பிரித்தானிய உள்துறை ஏற்பது தன் பட்டியலிலுள்ள நிறுவனங்கள் நடத்தும் பாதுகாக்கப்பட்ட பரீட்சைகளை மட்டுமே. அந்தப் பட்டியலுக்கு வெளியே 9க்கு 9 ‘பேண்ட்’ (ஐஈஎல்டிஎஸ் புள்ளி) எடுத்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

அடுத்தது பெயர். தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலைப் பதிவில் மூன்றாவது ஒன்று. பரீட்சைப் பதிவில் கடவுச்சீட்டிலுள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஆகவே முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கடவுச்சீட்டை எடுங்கள், அதன் பிறகே பரீட்சைக்குப் பதியுங்கள். பரீட்சை நாளில் பதிவுக்குக் கொடுத்த அதே கடவுச்சீட்டின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும். போட்டோகொப்பியைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

ஆயத்தத்துக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், எட்டு வாரம் வையுங்கள். முதல் இரண்டு வாரம் தன் பெயரையும் ஊரையும் எழுத்துக்கூட்டிச் சொல்வது, எண், திகதி, நேரம், விலை. இது சின்னப்பிள்ளை வேலை என்று தாண்டிப் போகிறவர்கள்தான் கேட்டல் பகுதியில் தடுமாறுகிறார்கள். ஒலிப்பதிவில் கேட்பதும் பெரும்பாலும் பஸ் எத்தனை மணிக்கு, விலை எவ்வளவு என்ற மாதிரித் தகவல்தான். அடுத்த மூன்று வாரம் குடும்பம், வீடு, சாப்பாடு, கடை, காலநிலை, பயணம், உடல்நலம், வேலை, ஓய்வு நேரம், நண்பர்கள் என்ற பத்துத் தலைப்புகள். ஒவ்வொன்றிலும் தான் சொல்ல ஐந்து வாக்கியம், அடுத்தவரிடம் கேட்க ஐந்து கேள்வி. கேள்வியை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்பதும் அந்தப் பரீட்சையின் ஒரு பகுதி. பதிலை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போகிறவர் அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார். கடைசி மூன்று வாரம் வேறொருவரோடு, முடிந்தால் பழக்கமில்லாத ஒருவரோடு, சோடியாகப் பேசிப் பழகட்டும். விளங்காவிட்டால் ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ என்று கேட்கலாம். மௌனமாக இருப்பதுதான் கெடுதல்.

டபிள்யூவைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மஸ்டர், செக்ரோல், டிவிசன், பெக்டரி, டிஸ்பென்சரி என்று பிறந்ததிலிருந்து ஆங்கிலச் சொற்களோடு வளர்ந்த பிள்ளை. சொல் அவளிடம் இருக்கிறது, வாக்கியம்தான் இல்லை. ஏ1 கேட்கும் வாக்கியமோ மிகச் சிறியது.

ஆனால் கதை அங்கே முடியாது என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். இங்கிருந்து போகிறவருக்கு முதல் விசா 33 மாதம். நீடிக்க ஏ2. ஐந்தாண்டில் நிரந்தரமாகக் குடியிருக்க பி1, அதோடு 24 கேள்வியில் 18 சரியாக வேண்டிய ‘லைஃப் இன் த யூகே’ பரீட்சை. அது கணினியில் ஆங்கிலத்தில் வாசித்து 45 நிமிடத்தில் செய்வது. ஏ1ஐ முடித்துவிட்டு மூன்று வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்ணுக்கு இந்த இரண்டும் மலையாகத் தெரியும். போன முதல் மாதமே அருகிலுள்ள கல்லூரியில் ‘ஈசோல்’ (பிறமொழி பேசுவோருக்கான ஆங்கிலம்) வகுப்புப் பற்றி விசாரிக்கட்டும். கட்டணம் அவளுடைய விசா வகையையும், அங்கே இருந்த காலத்தையும், ஊரையும் பொறுத்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கணக்கை நம்பாமல் நேரில் கேட்க வேண்டும்.

கணவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் ஸ்பொன்சரில் போகிறோம். “இங்கே எல்லாம் தமிழ்க் கடைதான், வகுப்பெல்லாம் வேண்டாம், டிவி பார்த்தால் தானாக வரும்” என்கிறார். சரியா?
— வாசகி, கொட்டகலை

அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதி பொய்யாகிறது. தமிழ்க் கடை, தமிழ் டாக்டர், தமிழ்க் கணக்காளர், கோயில் எல்லாம் பஸ் போகும் தூரத்தில் இருக்கும்போது ஆங்கிலம் தேவைப்படும் இடமே குறைந்துவிடுகிறது. தேவைப்படாத மொழி தானாக வராது. டிவியும் அப்படித்தான். அது நாம் வாய் திறப்பதற்காகக் காத்திருப்பதில்லை.

நிரந்தர வதிவிட உரிமையோடு இறங்குகிற உங்களுக்குக் கனடா அரசாங்கம் புதிய குடியேறிகளுக்கு நடத்தும் ‘லிங்க்’ ஆங்கில வகுப்பு இலவசம். வயது வந்த நிரந்தர வதிவாளர்களும், அகதியாக ஏற்கப்பட்டவர்களும் சேரலாம். முதலில் மதிப்பீட்டு நிலையம் ஒன்றில் நேரம் எடுக்க வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை அல்லது அந்த உறுதிப்பத்திரத்தோடு, படம் உள்ள அடையாள ஆவணத்தையும் கொண்டுபோங்கள். பேசுதல், கேட்டல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் தனித்தனியாகப் பார்த்து, நான்கு எண்கள் உள்ள தாளைத் தருவார்கள். அது கனடிய மொழித் தரப்படி 1 முதல் 12 வரையுள்ள மட்டம். நான்கும் ஒரே எண்ணாக வருவது அபூர்வம். இங்கே படித்தவருக்கு வாசிப்பு 5, பேச்சு 3 என்று வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பாடசாலை ஆங்கிலம் அப்படித்தான்.

மதிப்பீட்டுக்கு யாரிடமும் பாடம் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டிக் காட்டினால் விளங்காத வகுப்பில் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுவீர்கள். எளிய வகுப்பாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே குறைத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் தெரிந்ததையே ஆறு மாதம் படிக்கிறார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் ‘பிள்ளை பராமரிப்பு உள்ள நிலையம் வேண்டும்’ என்று மதிப்பீட்டின் போதே சொல்லுங்கள். எல்லா நிலையத்திலும் அது இல்லை, உள்ள இடத்திலும் இருக்கை எண்ணிக்கைதான். காத்திருப்புப் பட்டியல் இருப்பதால் இறங்கிய முதல் சில வாரத்திலேயே பதிந்துவிடுவது நல்லது. பகல், மாலை, இணைய வகுப்பு என்று வகைகள் உண்டு. பேச்சு மட்டம் குறைந்தவர் முதல் ஆறு மாதமாவது நேரில் போகும் வகுப்பை எடுப்பதே நல்லது என்போம்.

உங்கள் கணவருக்கு ஒன்று: குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் வகுப்பின் கதவு மூடிவிடும். ‘முதலில் வேலை, காசு, வீடு, பிறகு ஆங்கிலம்’ என்று ஐந்தாறு வருடம் ஓடி, குடியுரிமைச் சத்தியமும் செய்துவிட்டு வகுப்புத் தேடுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களுக்குப் பாடசாலைச் சபைகள் நடத்தும் மாகாண ஈஎஸ்எல் (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) வகுப்பு இருக்கிறது. ஒன்ராறியோவில் அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களும் அதில் சேர முடியும். விருந்தினர் விசாவில் போகும் தாய் தகப்பனுக்கு லிங்க் இல்லை. ரொறன்ரோ பொது நூலகத்தின் உரையாடல் வட்டம் அவர்களுக்குப் பொருத்தம்.

குடியுரிமை விண்ணப்பத்திலும் இது உதவும். 18 முதல் 54 வயது வரையுள்ளவர் பேசுதலிலும் கேட்டலிலும் மட்டம் 4ஐக் காட்ட வேண்டும். லிங்க் வகுப்பில் அந்த மட்டத்தை முடித்த சான்றிதழே அதற்குப் போதும், தனியாகப் பணம் கட்டிப் பரீட்சை எழுதத் தேவையில்லை.

ஓ.எல். ஆங்கிலத்தில் ஏ. பத்திரிகை வாசிப்பேன், மின்னஞ்சல் எழுதுவேன். மெல்பனில் வேலை விசாவுக்கு முயற்சிக்கிறேன். ஆனால் வெள்ளைக்காரர் தொலைபேசியில் பேசினால் பாதிக்கு மேல் விளங்குவதில்லை. ஏன்?
— வாசகர், பண்டாரவளை

நீங்கள் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர். தாளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, பேச்சில் இல்லை. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் அதனதன் அளவைக் கொடுத்துத்தான் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைதான் நிமிர்ந்து நிற்கும், மற்றவை நசுங்கிவிடும். நாம் ‘வெ-ஜி-டே-பிள்’ என்று நான்கு துண்டாகச் சொல்வதை அவர்கள் ‘வெஜ்டபிள்’ என்கிறார்கள். ‘கம்ஃபோர்ட்டபிள்’ என்பது அவர்கள் வாயில் ‘கம்ஃப்டபிள்’. ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ?’ என்ற ஆறு சொற்கள் ‘வாட்டய கொனடூ?’ என்று ஒரே மூச்சில் போய்விடும். உங்களுக்கு அந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். அந்த வடிவத்தில் ஒருநாளும் கேட்டதில்லை, அதுதான் விஷயம்.

இதில் ஆபத்தான ஒன்று ‘கன்’னும் ‘கான்ட்’டும். முடியும் என்பதை அவர்கள் ‘ஐ கன் கம்’ என்று ‘கன்’னை நசுக்கித்தான் சொல்வார்கள், அழுத்தம் ‘கம்’மில். முடியாது என்னும்போதுதான் அந்தச் சொல் அழுத்தமாக வரும், கடைசி ‘ட்’ பாதி விழுங்கப்படும். நாம் முடியும் என்பதை வலியுறுத்த ‘ஐ கேன் கம்’ என்று ஓங்கிச் சொல்கிறோம், அவர்கள் காதில் அது முடியாது என்று விழக்கூடும். வேலைக்கு வருவீர்களா என்று கேட்கும் இடத்தில் இந்தக் குழப்பம் ஒரு நாள் சம்பளத்தைத் தின்னும். பாதுகாப்பான வழி: முடிந்தால் ‘யெஸ், ஐ கன் கம்’, முடியாவிட்டால் ‘சொரி, ஐ கெனொட்’ என்று முழுதாக.

பயிற்சி நாளுக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் முறையாக. எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் ஒலிப்பதிவு வேண்டும். பிபிசியின் ‘6 மினிட் இங்லிஷ்’ இலவசம், எழுத்து வடிவமும் உண்டு. கொஞ்சம் பழகியதும் அவுஸ்திரேலிய வானொலிக்கு மாறுங்கள். அங்கே ‘டுடே’ என்பதே ‘டுடை’ போலக் கேட்கும், அதற்குக் காதைப் பழக்க வேண்டும். ஒரே ஒரு நிமிடத் துண்டை எடுங்கள். எழுத்தைப் பார்க்காமல் மூன்று தடவை கேளுங்கள். நாலாவது தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டபடி எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். தவறியது தெரியாத சொல்லா, தெரிந்த சொல் நசுங்கியதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். வட்டமிட்ட துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, பேசுகிறவரோடு கூடவே அதே வேகத்தில் வாயால் சொல்லுங்கள். எப்படி நசுக்குவது என்று வாய்க்குத் தெரிந்தால் காதுக்கும் தெரிந்துவிடும். அடுத்த நாள் அதே துண்டை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் புதிய துண்டு. ஒரு மணி நேரப் படத்தை ஓடவிட்டுவிட்டு ‘கேட்டல் பயிற்சி செய்தேன்’ என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

தொலைபேசிக்கென்று சில சாமர்த்தியங்கள் உண்டு. 15ம் 50ம், 13ம் 30ம் காதில் ஒன்றாக விழும். ‘ஒன் ஃபைவ்’ஆ ‘ஃபைவ் ஸீரோ’வா என்று இலக்கமாகக் கேளுங்கள். பெயரைச் சொல்லும்போது பி, டி, ஈ, வி எல்லாம் ஒரே சத்தம். அல்பா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ என்ற சர்வதேச எழுத்துப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நம் பெயர்கள் பன்னிரண்டு பதின்மூன்று எழுத்து நீளம், மனதில் கூட்டிச் சொல்லப் போனால் தடுமாறும். அவுஸ்திரேலியாவில் கடைசி எழுத்து ‘ஸெட்’. பேச்சின் முடிவில் நாள், திகதி, நேரம் மூன்றையும் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: ‘ஸோ, தட்ஸ் டியூஸ்டே த தேர்டீன்த், அட் டூ தேர்ட்டி?’

இன்னொன்று, வகுப்புகளில் அதிகம் சொல்லித்தராதது. ‘அட்டை இல்லையா?’ என்று தமிழில் கேட்டால், இல்லாதவர் ‘ஆமாம், இல்லை’ என்கிறார். ஆங்கிலத்தில் ‘யூ டோன்ட் ஹாவ் எனி அலர்ஜீஸ்?’ என்று தாதி கேட்டு, நீங்கள் ‘ஆமாம், இல்லை’ என்ற நினைப்பில் ‘யெஸ்’ என்றால், ஒவ்வாமை இருக்கிறது என்று எழுதிவிடக்கூடும். எதிர்மறைக் கேள்வி வரும்போது யெஸ், நோ இரண்டையும் தனியாக விடாதீர்கள். ‘நோ, ஐ டோன்ட்’, ‘யெஸ், ஐ டூ’ என்று வாலையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது.

“30 நாளில் ஐஈஎல்டிஎஸ் 7 பேண்ட் உத்தரவாதம்” என்று நுவரெலியாவில் விளம்பரம். இன்னொருவர் பரீட்சையே இல்லாமல் இலண்டனில் முதியோர் பராமரிப்பு வேலை எடுத்துத் தருகிறாராம். நம்பலாமா?
— வாசகர், இராகலை

இரண்டையும் நம்ப வேண்டாம்.

பூச்சியத்திலிருந்து பி1 மட்டத்துக்கு வர ஏறக்குறைய 350–400 மணி நேர வழிகாட்டப்பட்ட படிப்பும், பி2வுக்கு 500–600 மணி நேரமும், சி1க்கு 700–800 மணி நேரமும் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் பரீட்சைப் பிரிவின் கணக்கு. ஐஈஎல்டிஎஸ் 5 என்பது பி1, 7 என்பது சி1. முப்பது நாளில் அந்த இடைவெளியை நாளுக்குப் பத்து மணி நேரம் படித்தாலும் தாண்ட முடியாது. முப்பது நாள் வகுப்பு சொல்லித்தரக் கூடியது பரீட்சையின் அமைப்பை: கேட்டல் 40 கேள்வி, வாசிப்பு 60 நிமிடத்தில் 40 கேள்வி, எழுத்து 60 நிமிடத்தில் 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றும், பேச்சு 11–14 நிமிடம். ஏற்கெனவே 6.5 இருக்கிறவருக்கு அந்த அறிவு அரை பேண்டைத் தரலாம். எழுத்தில் இரண்டாவது பணிக்கு முதலாவதைப் போல இரட்டிப்புப் பெறுமதி என்று தெரியாமல் முதலாவதில் 35 நிமிடம் போக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது தேவையான பாடம். 4.5 இருக்கிறவருக்குத் தேவை ஒரு வருட ஆங்கிலம்.

பிரித்தானியாவோ 2025 ஜூலை 22ஆம் திகதியோடு வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் வழியை மூடிவிட்டது. திறன் தொழிலாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவரிடம் 2026 ஜனவரி 8 முதல் பி2 கேட்கிறார்கள். பரீட்சை இல்லாமல் அனுப்புகிறேன் என்கிறவர் எதை வைத்து அனுப்புவார் என்று கேளுங்கள். போலிப் பெறுபேறு வைத்தால் அதிகாரிகள் இணையத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். மோசடி என்று தீர்மானித்தால் பிரித்தானியா 10 வருடம் வரை, கனடா 5 வருடம் கதவை மூடும். வேலைக்கு அனுப்பும் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

அம்மா பாடசாலை வாசலை மிதிக்காதவர். கொழுந்து எடுத்தே காலம் போய்விட்டது. 61 வயது. அண்ணன் நிரந்தர விசாவில் சிட்னிக்கு எடுக்கிறார். இனி ஆங்கிலம் படிக்க முடியுமா?
— வாசகர், மஸ்கெலியா

முடியும், எதைப் படிப்பது என்று சரியாகத் தெரிந்தெடுத்தால். எழுத்தே தெரியாதவருக்கு இரண்டு வேலை ஒன்றாக வருகிறது: சத்தத்தை எழுத்தாகப் பார்க்கப் பழகுவது ஒன்று, புதிய மொழி இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் தொடங்கினால் ஒன்றும் பிடிபடாது. விசா வரும் வரை கையில் காலம் இருக்குமே, அதில் அம்மாவுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டுங்கள். பேசுகிற மொழியில் எழுத்தைப் பிடித்தவருக்கு அடுத்த மொழியின் எழுத்து அவ்வளவு பயம் தராது. பேனையைப் பிடிக்கும் விரல் பழக்கமும் இங்கேயே வந்துவிடும். அதன் பிறகு ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் மட்டும். கையெழுத்துப் போட, தன் பெயரையும் வீட்டுத் தெருப் பெயரையும் பஸ் இலக்கத்தையும் அடையாளம் காண அது போதும்.

அவுஸ்திரேலியாவில் வயது வந்த குடியேறிகளுக்கான ஆங்கிலத் திட்டம் 1948இலிருந்து நடக்கிறது. நிரந்தர விசாவில் வருகிறவருக்கு இலவசம். முன்பு 510 மணி நேரம் என்ற வரம்பு இருந்தது, 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். எழுத்தறிவு இல்லாதவருக்கான ஆரம்ப வகுப்பும் உண்டு. வந்து 6 மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது பொது விதி. ‘அம்மா களைத்து வந்திருக்கிறார், அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று அண்ணன் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கத்தான் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்றால், வாரத்தில் இரண்டு பகலாவது அவருடையது என்பதை விமானம் ஏறும் முன் பேசி முடியுங்கள். பின்னால் பேசினால் அது சண்டையாகத்தான் வரும்.

வகுப்பு நடக்கும்போதே, நடக்காவிட்டாலும், அம்மாவுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் மனப்பாடமாக வேண்டும்: 131 450. இது அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சேவை. அழைத்து ‘தமிழ்’ என்று சொன்னால் தமிழ் பேசும் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். டாக்டரிடம் போகும்போது பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கர்ப்பப்பை, மலச்சிக்கல் என்று பாட்டி சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெட்கத்தில் விழுங்கிவிடும், ‘வயிற்று வலி’ என்பது மட்டும் டாக்டரை அடையும். நேரம் எடுக்கும்போதே ‘தமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்’ என்று கேட்க அம்மாவுக்கு அந்த மூன்று சொல் போதும். அவசரத்துக்கு 000. அங்கேயும் முதலில் வேண்டிய சேவை, ‘அம்புலன்ஸ்’ என்று. பிறகு ‘தமிழ்’.

நாலாம் தரத்திலும் ஏழாம் தரத்திலும் படிக்கும் பிள்ளைகளோடு போகிறோம். வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலம் பேசினால் சீக்கிரம் பழகுவார்களா?
— பெற்றோர், பசறை

நிறுத்த வேண்டாம். உங்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டு அவர்கள் பழக வேண்டியதில்லை, அதற்குப் பாடசாலையும் விளையாட்டு மைதானமும் இருக்கின்றன. தமிழ் நின்றால் உங்களோடு ஆழமாகப் பேசும் வழிதான் நிற்கும்.

முதல் சில மாதம் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுச் சேர்க்கும் காலம் அது, நோயல்ல. சக பிள்ளைகளோடு பேசும் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்தில் வகுப்பு மட்டத்தைப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் செல்லும் என்று ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் எழுதியிருக்கிறார். பெற்றோர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரிப் பேசுகிறதே என்று பாடசாலையின் மேலதிக ஆங்கில உதவியை நிறுத்தச் சொல்கிறார்கள், பிறகு விஞ்ஞானப் பாடத்தில் புள்ளி விழுகிறது.

ஏழாம் தரப் பிள்ளைக்குத்தான் அதிக கவனம் தேவை. நம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். கணிதமும் விஞ்ஞானமும் தமிழ் மொழியிலும் ஆங்கில மொழியிலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெரிந்த பாடத்தின் கலைச்சொற்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிப் பழகட்டும். பின்னம், சதவீதம், ஒளித்தொகுப்பு எல்லாம் அவனுக்குத் தெரியும், பெயர்தான் புதிது. பாடசாலை விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை மூன்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய்ச் செய்தால் செலவு அதிகம்.

என் உச்சரிப்பு சுத்தத் தோட்டத்து உச்சரிப்பு. பேச்சுப் பரீட்சையில் புள்ளி குறையுமா?
— வாசகி, பொகவந்தலாவை

உச்சரிப்பின் சாயலுக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள், விளங்காவிட்டால்தான் குறைப்பார்கள். ஐஈஎல்டிஎஸ் பேச்சில் தடையில்லாமல் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம பங்கு. வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயன்று நாக்கைச் சுருட்டுவதை விட, பொருளை மாற்றிவிடும் சத்தங்களை மட்டும் திருத்துங்கள். ‘ப’வும் ‘ஃப’வும் (கொப்பியும் கோஃபியும் வேறு), ‘ஸ’வும் ‘ஷ’வும், ‘ஸ்கூல்’ முன்னால் ஒட்டும் ‘இ’, சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘உ’. ‘பஸ்ஸு’, ‘பேங்க்கு’ என்ற அந்த ‘உ’வை வெட்டினாலே பாதி தெளிவு வந்துவிடும்.

பரீட்சைப் பெறுபேறு எவ்வளவு காலம் செல்லுபடியாகும்?
— வாசகர், ஹாலி-எல

ஐஈஎல்டிஎஸ் இரண்டு வருடம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு (திறன் உள்ளவர்கள் குடியேற விண்ணப்பிக்கும் இணைய முறை) பதியும் நாளிலும், அழைப்பு வந்து விண்ணப்பத்தைக் கொடுக்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே படிப்புச் சான்றிதழ் மதிப்பீடு, வேலைக் கடிதம் எல்லாம் கைக்கு வரும் தறுவாயில் பரீட்சை எழுதுங்கள், ஆர்வத்தில் ஒரு வருடம் முந்த வேண்டாம்.